அரிசி ஸ்டோர் சுவரில் ஓடிய நரி

பிரிஞ்சாங் என்ற மலையூரில் காய்கறிக் கூடைகளை லாரியில் ஏற்றிவிட்டு நான் தேநீர் குடிக்கும் கடையில் இப்போது தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருக்கிறார்கள். கடைக்கார பாய் அதைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு பலகைமேல் நிறுத்தியிருக்கிறார். மாலையில் கார்ட்டூன் படம் தொடங்கும்போது கடை வாசலில் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். என் பிள்ளைகளும் அதில் இருப்பார்கள். அந்தப் படங்களில் பெரும்பாலும் ஒரு நரியோ ஓநாயோ வருகிறது. எதையோ துரத்துகிறது, பிடிக்க முடியாமல் அடிபடுகிறது, மறுபடியும் துரத்துகிறது. நரி வந்தால் நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சாலையைப் பார்த்து உட்காருவேன்.

ஒருநாள் பாய் கேட்டார். "என்ன அண்ணே, ஊரே சிரிக்குது, நீங்க மட்டும் லாரிய எண்ணிக்கிட்டு இருக்கீங்க?"

"கண்ணு கூசுது பாய்" என்றேன்.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. கடையில் சொல்ல முடியாததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் ஒரு காலத்தில் நரி வரைந்தவர் என் அண்ணன். படம் வரைய யாரிடமும் கற்றவர் இல்லை. தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில் பச்சைக் கொழுந்தைத் தட்டுகளில் பரப்பி வாட்டும் வேலை அவருக்கு. நான் வெளியே மலையில் செடிகளுக்குக் கவாத்து வெட்டினேன். அப்பாவும் அம்மாவும் முன்னமே இறந்து, மாதா கோயில் கல்லறையில் இருந்தார்கள். வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளான லயத்தில், ஒரே வீட்டில் அண்ணன், அவர் புதிதாகக் கட்டிக்கொண்டு வந்த அண்ணி, நான், மூவரும் இருந்தோம்.

சண்டைக்கு முந்திய ஒரு கிறிஸ்துமஸுக்கு வெள்ளைக்காரத் துரை தொழிற்சாலைச் சுவரில் வெள்ளைத் துணியைக் கட்டிப் படம் காட்டினார். கப்பல், குதிரைப் பந்தயம், பனி கொட்டும் ஊர் என்று என்னென்னவோ ஓடிய பிறகு கடைசியில் ஒரு சின்னக் கார்ட்டூன் போட்டார்கள். கால்சட்டை போட்ட நரி ஒன்று வாத்துத் திருடப் போகிறது. வாத்து அதைக் கிணற்றில் தள்ளுகிறது. சாலை உருட்டும் எந்திரத்தை அதன்மேல் ஏற்றி அப்பளம் ஆக்குகிறது. நரி எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு, மறுபடியும் வாத்தின் பின்னால் போகிறது. லயமே உருண்டு சிரித்தது. அண்ணன் மட்டும் சிரிக்காமல் துணிக்குக் கிட்டே போய் நின்றுகொண்டு, பின்னால் இருந்தவர்களிடம் திட்டு வாங்கினார்.

எங்களில் பெரும்பாலோர் உயிருள்ள நரியைக் கண்டதில்லை. இந்த மலையில் நரி கிடையாது. காட்டில் செந்நாய்தான் உண்டு. விறகுக்குப் போனபோது ஓடைக்கு அந்தப் பக்கம் ஒன்றைப் பார்த்திருக்கிறோம். சிவப்பு உடம்பு, வட்டக் காது, நுனி கறுத்த வால். எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் புதருக்குள் போய்விட்டது. அண்ணன் அந்தச் செந்நாயின் காதையும் வாலையும் எடுத்து, துரை காட்டிய படத்தின் கால்சட்டையை மாட்டித் தன் நரியை உண்டாக்கினார். முதலில் அதை எங்கள் அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் வரைந்தார். சுவரைக் கெடுக்கிறார் என்று அண்ணி கரித்துண்டைப் பிடுங்கி எறிந்தார்.

பிறகு ஜப்பான்காரர்கள் வந்தார்கள். துரை மலையிறங்கிப் போய்விட்டார். தேயிலை வாங்க ஆள் இல்லாமல் தொழிற்சாலை பாதி நாள் மூடிக் கிடந்தது. கொழுந்து கிள்ளாத செடிகள் எங்கள் தலைக்குமேல் வளர்ந்தன. அரிசி நின்றுபோனது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தின் ஓரத்தில் இருந்த அரிசி ஸ்டோர் காலியாகிப் பூட்டிக் கிடந்தது. அதன் முன்னால்தான் மரவள்ளிக்கிழங்கு பங்கு போடுவார்கள். பெண்கள் விடியலிலேயே தகரக் குவளையோடு வந்து, சாக்கைப் போர்த்திக்கொண்டு குளிரில் நிற்பார்கள். கிழங்கு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

அந்த வெள்ளைச் சுவரில் அண்ணன் நரியை ஓடவிட்டார். காத்திருப்பவர்கள் அழுவதைப் பார்க்கச் சகிக்காமல் தொடங்கினார் என்று நினைக்கிறேன். அவர் காரணம் சொன்னதில்லை. சில நாளைக்கு ஒருமுறை பழையதை அழித்துவிட்டு, கதையின் அடுத்த கட்டத்தை வரைவார். நரி கூடை கட்டிக்கொண்டு கொழுந்து கிள்ளப் போகும். அடுத்ததில் வாத்து தராசைப் பிடித்துக்கொண்டு நரியின் எடையில் பாதியை வெட்டும். அந்த வாத்துக்கு, எங்களை வேலை வாங்கும் கங்காணியின் தொப்பை இருந்தது.

"டேய், நான்தானா இது?" என்று கங்காணி சுவருக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"ஐயையோ, வாத்து கங்காணியாரே" என்றார் அண்ணன்.

"வாத்துக்கு எதுக்குடா வெத்தலப் பை?"

குவளைகளோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். கங்காணியும் சிரித்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. எங்களைப் போலவே பசித்துக் கிடந்தார். வேறு காலமாக இருந்திருந்தால் அண்ணனுக்கு வேலை போயிருக்கும்.

அப்போது எல்லாருக்கும் ஒரே பயம்தான் இருந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். முதல் லாரியில் கல்யாணம் ஆகாதவர்கள் போனார்கள். நல்ல சம்பளம், அரிசிச் சோறு, சீக்கிரம் திரும்பலாம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். தொழிற்சாலையில் தேயிலைப் பெட்டி அடிக்கும் ஆளும் அதில் போனார். ஒருவரும் திரும்பவில்லை. மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து வந்த ஒரு லாரி ஓட்டி, "அங்க போறவன பொதைக்கக்கூட ஆள் இல்லலா" என்று சொல்லிவிட்டுப் போனான். அடுத்தது வீட்டுக்கு ஒருவர் என்று பேச்சு வந்தது. என் கணுக்காலுக்குமேல் ஆறாத புண் இருந்தது. சீழ் வடியும். அதைப் பார்த்த தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர், இவன் சாலைவரைகூட நடக்கமாட்டான் என்று ஒதுக்கிவிட்டார். அப்படியானால் எங்கள் வீட்டில் போக வேண்டியவர் அண்ணன். லாரி வரும் நாள் மட்டும் தெரியாமல் இருந்தது.

இங்கே எங்கள் லயத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மேலே இருப்பவர்கள் "இது யார் செய்தது?" என்று கேட்டால், தோட்டத்தை விட்டுப் போனவன் பெயரைச் சொல்லிவிடுவோம். கத்தி தொலைந்தாலும் கண்ணாடி உடைந்தாலும், போன மாதம் ஈப்போவுக்குப் போனவன்தான் செய்திருப்பான். யாரும் போகாத காலத்தில் செத்தவர் செய்திருப்பார். ஒருமுறை தண்ணீர்க் குழாயை உடைத்தது, அது பதிக்கப்படுவதற்கு முன்பே அடக்கமான ஒரு கிழவர் என்று சொன்னோம். துரை அந்தக் கிழவரின் அடக்கத்துக்கு வந்தவர். சிரித்துக்கொண்டே போய்விட்டார். இருப்பவனைக் காட்டிக் கொடுக்கக்கூடாது, போனவனுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமலே எங்களுக்கு வந்த பழக்கம் அது.

ஒருநாள் காலையில் ஜப்பான் அதிகாரி ஒருவர், பேச்சை மொழிபெயர்க்கும் துபாசி ஒருவரோடும் சில சிப்பாய்களோடும் பெரட்டுக் களத்துக்கு வந்தார். துபாசி ஈப்போக்காரர், தமிழர். முன்பு ஏதோ ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவராம். சயாமுக்கு ஆள் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் புரிந்தது. நாங்கள் வரிசையாக நின்று குனிந்து வணங்கினோம். அண்ணன் முன்வரிசையில் இருந்தார். நிமிர்ந்தபோது அதிகாரி எங்களைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு நரியின் தலையில் தொப்பியும் காலில் பூட்ஸும் இருந்தன. பிள்ளைகள் கேட்டார்கள் என்று அண்ணன் முந்தின நாள்தான் அதைப் போட்டிருந்தார். வாத்து அதன் கழுத்தில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனது. நரி என்றால் எங்கள் பேச்சில் திருடன், வஞ்சகன். அதற்குத் தொப்பியும் பூட்ஸும் போட்டால் என்ன அர்த்தமாகும் என்று அந்த நொடியில்தான் எங்களுக்கு உறைத்தது.

"இத யார் வரஞ்சது?" என்று துபாசி கேட்டார்.

கங்காணியின் கண் ஒரு நொடி அண்ணன் பக்கம் போனது. அண்ணன் தரையைப் பார்த்தார்.

"அது பழைய ஆளுங்க ஐயா" என்றார் கங்காணி. "பொட்டி அடிச்சவன். சயாமுக்குப் போயிட்டான்."

"நிச்சயமா?"

"சத்தியமாங்க ஐயா."

களம் முழுவதும் தலையாட்டியது. அதிகாரி சுவருக்குக் கிட்டே போய், நரியின் வாலைக் கையால் தொட்டுப் பார்த்தார். நாக்கால் ஒருமுறை சப்புக்கொட்டினார். பிறகு துரையின் பங்களாவுக்கு ஏறிப் போய்விட்டார். துபாசி தொழிற்சாலை ஆபீசுக்குள் போனார்.

"அழிங்கடி! சீக்கிரம்!" என்று கங்காணி பெண்களைப் பார்த்துக் கத்தினார். அண்ணிதான் முதலில் ஓடினார். சாம்பலும் தேங்காய் நாரும் வைத்து, வாத்து, கயிறு, நரி எல்லாவற்றையும் தேய்த்தார். கரி தண்ணீரோடு கலந்து அவர் முழங்கைவரை வழிந்தது. இன்னும் சில பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். உயிர் பிழைத்த முகத்தோடு அண்ணன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, கீழே ஓடைப் பள்ளத்துக்குக் கிழங்கு தோண்டப் போனார்.

ஆபீசிலிருந்து துபாசி திரும்பி வந்தபோது சுவர் ஈரமாக, சாம்பல் நிறமாக இருந்தது.

"ஏன் அழிச்சீங்க?" என்றார் அவர். "அதிகாரிக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சு. அவங்க ஊர்ல நரி கோயில் வாசல்ல உக்காந்திருக்குமாம், கல்லுல செஞ்சு வச்சிருப்பாங்களாம். ஈப்போவுல பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குக் கார்ட்டூன் படம் போட ஆள் தேடிக்கிட்டு இருக்காரு. வரஞ்சவன் இங்க இருந்தா அரிசி குடுத்துக் கூட்டிட்டுப் போயிருப்பாரு. சயாமுக்கெல்லாம் போக வேணாம்."

அண்ணியின் கையில் இருந்த நாரிலிருந்து கறுப்புத் தண்ணீர் சொட்டியது.

"எங்க வீட்டுக்காரருதாங்க வரஞ்சாரு" என்றார் அண்ணி.

"காலையில சத்தியம்லாம் பண்ணீங்களே."

"பயத்துல சொன்னதுங்க ஐயா."

துபாசி கங்காணியைப் பார்த்தார். "சரி, ஆளக் கூட்டிக்கிட்டு பங்களாவுக்கு வாங்க. அதிகாரி நாளைக்குக் கீழ போயிருவாரு. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

நான் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு ஓடைப் பள்ளத்துக்கு இறங்கினேன். அந்தக் காலோடு அவ்வளவு வேகமாக நான் அதற்குமுன் நடந்ததில்லை. அண்ணன் முழங்கால் சேற்றில் நின்று தோண்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வாங்க. நரி வரஞ்சவரு சயாமுக்குப் போக வேணாமாம். அரிசி தருவாங்களாம்."

அவர் சிரித்தார். "யாரு, துபாசி சொன்னானா? தல வெட்டக் கூப்புடுறவன் பின்ன எப்படிடா கூப்புடுவான்?"

"இல்லண்ணே, ஈப்போவுல படம் போடணுமாம். அண்ணி கேட்டுட்டாங்க. நெசந்தான்."

அண்ணி என்றதும் அவர் முகம் மாறியது. ஓடையில் கையைக் கழுவினார். நகத்துக்குள் இருந்த மண்ணை மறுகையின் நகத்தால் எடுத்தார். ஒரு வேலைக்குப் போகிறவரைப் போலத் தலைமுடியையும் தண்ணீர் தொட்டுத் தடவிக்கொண்டார். ஏற்றத்தில் நான் பின்தங்கியபோது "ஏறுடா" என்று முதுகைக் காட்டினார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. என்னைச் சுமந்துகொண்டே ஏறினார். மூச்சு வாங்கிக்கொண்டே, "ஈப்போவுல வாத்து கெடைக்குமா? நெசமான வாத்தப் பாத்து ஒருதரம் வரையணும்" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது.

பங்களாவுக்குப் போனபோது எங்களுக்கு முன்னால் பாதி லயம் அங்கே இருந்தது.

நரி வரைந்தவனுக்குச் சயாம் இல்லை என்ற செய்தி எல்லா வீட்டுக்கும் போயிருந்தது. ஒவ்வொரு ஆணும், தான்தான் வரைந்தேன் என்று சொல்லிக்கொண்டு ஏறி வந்திருந்தான். அதிகாரி படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். ஆளுக்கொரு கரித்துண்டு கொடுத்து, வராந்தாச் சிமெண்டில் வரையச் சொல்லியிருந்தார். தரையெல்லாம் நரிகள். ஒன்றுக்குக் கொம்பு இருந்தது. ஒன்று சருகுமான் மாதிரி இருந்தது. மாட்டுக்காரர் பழக்கதோஷத்தில் மடி வைத்துவிட்டிருந்தார். எல்லா நரிகளுக்கும் மறக்காமல் கால்சட்டை மட்டும் போட்டிருந்தார்கள். அப்படி வரைந்தவர்கள் அங்கேயே மண்டியிட்டபடி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். எல்லாருக்கும் வீடு இருந்தது.

அண்ணனைப் பார்த்ததும் அவர்கள் விலகி இடம் கொடுத்தார்கள். பெட்டி நிறுக்கும் ஆள் தன்னுடைய கரித்துண்டையே நீட்டி, "நீ போடு தம்பி" என்றார்.

அண்ணன் குந்தி உட்கார்ந்து வரைந்தார். வட்டக் காது, நீண்ட முகம், ஓட்டத்தில் காற்றில் நிற்கும் கால், நுனி கறுத்த வால். கோடு ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. சிமெண்டிலிருந்து நரி எழுந்து ஓடிவிடும்போல் இருந்தது. மண்டியிட்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். எங்கள் வேலை முடிந்தது என்றே நினைத்தேன்.

அதிகாரி இறங்கி வந்து, வெகுநேரம் பார்த்தார். பிறகு பேசினார். துபாசி ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார்.

"காலையில நீ எங்க நின்னே?"

"முன்வரிசையிலங்க."

"அப்ப ஏன் வாயத் தொறக்கல?"

அண்ணன் பொய் சொல்லியிருக்கலாம். "பயமா இருந்துச்சுங்க" என்றார்.

அதிகாரி தலையை அசைத்தார். துபாசி தாழ்ந்த குரலில் சொன்னார். "தெனமும் சுவத்தப் பாத்தவன் எவனும் இத மாதிரி வரையலாங்கிறாரு. இத்தன பேரு வரைஞ்சிருக்காங்க, நீ கொஞ்சம் நல்லா வரைஞ்சிருக்கே, அவ்வளவுதான். வரஞ்சவன் யாருன்னு கங்காணியவே மறுபடியும் கேக்கச் சொல்றாரு."

கங்காணி வாசற்படியின் கீழே நின்றிருந்தார். அவர் பக்கத்தில் ஒரு சிப்பாய் நின்றான். காலையில் ஒன்று சொல்லி இப்போது வேறு சொன்னால், ஜப்பான் அதிகாரியிடம் பொய்ச் சத்தியம் செய்தவர் ஆவார். அதற்கு என்ன கிடைக்கும் என்பதைப் பிரிஞ்சாங் சந்தையில் நாங்கள் எல்லாரும் பார்த்திருந்தோம். அவர் அண்ணனைப் பார்த்தார். அழுகிறவரைப் போல முகம் கோணியது.

"சயாமுக்குப் போனவன்தாங்க ஐயா" என்றார்.

அண்ணன் கையில் இருந்த கரித்துண்டைப் படியோரத்தில் வைத்தார். திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருளை வைப்பதுபோல் மெதுவாக வைத்தார். அதிகாரி ஏதோ சொல்ல, சிப்பாய்கள் சிரித்தார்கள். துபாசி சிரிக்கவில்லை. எங்களைப் பார்க்காமல் சொன்னார்.

"இந்த ஏத்தம் ஏறி வந்தவங்க எல்லாருக்கும் காலு நல்லா இருக்குன்னு சொல்றாரு. வீடு வீடாப் போயி ஆள் தேட வேண்டியதில்லையாம்."

வெளிக் கதவைச் சாத்தினார்கள். துரை மோட்டார் நிறுத்திய கொட்டகைக்குள் எல்லாரையும் அடைத்தார்கள். ஒரு சிப்பாய் என் புண்ணைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்து, பூட்ஸால் என்னை வெளியே தள்ளினான். என்னை முதுகில் சுமந்து கொண்டுவந்தவர் உள்ளே இருந்தார்.

மறுநாள் காலையில் லாரி வந்தது. பெண்கள் சாலையில் நின்றார்கள். அண்ணி ஒரு சட்டையையும் அவித்த கிழங்கையும் கட்டி எடுத்து வந்திருந்தார். லாரியின் பின்பலகைமேல் குனிந்து அதை வாங்கும்போது அண்ணன் அவருடைய கையைப் பார்த்தார். நகமெல்லாம் இன்னும் கறுப்பாக இருந்தது.

"எல்லாத்தையும் தேச்சிட்டியா?"

அண்ணி தலையாட்டினார்.

"நல்லதாப் போச்சு. இல்லன்னா சுவத்தோட ஒத்துப் பாத்திருப்பாங்க, கங்காணியார் தல போயிருக்கும்."

கங்காணி கொஞ்சம் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். லாரி கீழே தாப்பா பக்கம் இறங்கியது. வளைவுக்கு வளைவு சத்தம் குறைந்து, மறுபடியும் கேட்டு, பிறகு நின்றுபோனது.

சண்டை முடிந்த பிறகு சிலர் திரும்பி வந்தார்கள். வயிறு உப்பி, பல் தெரிய வந்தார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து அந்த லாரியில் போனவர்களில் யாரும் வரவில்லை. நானும் அண்ணியும் தாப்பா வரைக்கும், ஈப்போ வரைக்கும் போய், வந்தவர்களையெல்லாம் கேட்டோம். ஒருவர் பார்த்ததுபோல் இருக்கிறது என்பார். எந்த முகாம் என்றால் தெரியாது என்பார். அண்ணிக்கு அவருடைய உறவில் வேறு மாப்பிள்ளை பார்த்தார்கள். அவர் சம்மதிக்கவில்லை. செத்தார் என்று யாராவது கண்ணால் பார்த்துச் சொல்லட்டும் என்றார்.

நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் இறந்தவர்களின் பெயரைச் சாமியாரிடம் கொடுப்பார்கள். பூசையில் அவர் அந்தப் பெயர்களை வாசிப்பார். அப்பா பெயரையும் அம்மா பெயரையும் நான் கொடுப்பேன். அண்ணன் பெயரைக் கொடுக்க அண்ணி விடவில்லை. "உயிரோட இருக்குறவருக்கா?" என்பார். எனக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பிறந்து, தோட்டத்தை விட்டுக் காய்கறி வேலைக்கு வந்த பிறகும் அவர் எங்களோடுதான் இருந்தார். ஒவ்வொரு நவம்பரிலும் நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். அவர் தலையை அசைத்து வேண்டாம் என்பார். அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு.

போன வருஷம் மழை மாதத்துக்கு முன்னால் அண்ணி இறந்துபோனார்.

கல்லறைத் திருநாளுக்குப் பெயர் கொடுக்கப் போனேன். அப்பா, அம்மா, அண்ணி என்று சொன்னேன். சாமியார் எழுதிக்கொண்டார். நான் நகராமல் நிற்பதைப் பார்த்து, "இன்னும் யாராவது?" என்றார். அண்ணன் பெயரைச் சொன்னேன்.

"எப்ப இறந்தாரு?"

"தெரியாதுங்க சாமி."

"எங்க அடக்கம்?"

"தெரியாதுங்க."

எனக்குப் பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். சாமியார் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, காதை என் பக்கம் சாய்த்தார். "பேர் சரியா கேக்கலப்பா. கொஞ்சம் சத்தமா சொல்லு."

இன்னொருமுறை சொன்னேன்.